பெயரின் வாலை வைப்பதா, விடுவதா?

என் பெயர் ஜோதி. கடலூர் மாவட்டத்தில் இந்தப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. 1872இல் வள்ளலார் சத்திய ஞான சபையை நிறுவிய வடலூர் எங்களுக்குப் பக்கம். அந்த வழியில் வந்த குடும்பங்களில் ஜோதி, அருள், தயா எல்லாம் பையனுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். எங்கள் தெருவிலேயே இன்னொரு ஜோதி இருக்கிறார். மீசை வைத்த, லாரி ஓட்டுகிற ஜோதி. கூரியர் பையன் புதிதாக மாறும்போதெல்லாம் அவருடைய பிரேக் ஷூ என் வீட்டுக்கும், என் புடவை அவர் வீட்டுக்கும் போய்ச் சேரும். அவர் மனைவி ஒருமுறை பார்சலைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், கெஜட் பெயர் மாற்றம், ஆதார் திருத்தத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்கிற விவரம், இதெல்லாம்தான் என் பிழைப்பு. பெயர் வைக்கிற அன்று யாரும் யோசிக்காத விஷயங்கள் பத்துப் பதினைந்து வருடம் கழித்து என் கவுன்டருக்கு வருகின்றன. அதனால் கையில் குழந்தையோடு யாராவது வந்து, "அக்கா, பொதுவா ரெண்டு பேருக்கும் பொருந்துற மாதிரி ஒரு பேரு வைக்கலாமா, இல்ல பொம்பளப் புள்ளைக்குப் பொம்பளப் பேருதான் நல்லதா?" என்று கேட்டால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முன்பாதியை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான தமிழ்ப் பெயர்களை இரண்டாக உடைக்கலாம். கலைச்செல்வன், கலைச்செல்வி. மதிவாணன், மதிவதனி. தமிழரசன், தமிழரசி. பழனிச்சாமி, பழனியம்மாள். முன்பாதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆண், பெண் என்று பிரிப்பது பின்னால் ஒட்டிய வால்: அன், சாமி, அப்பன், வேந்தன் ஒரு பக்கம்; இ, அம்மாள், நாயகி, வல்லி இன்னொரு பக்கம். வீட்டுக்குள் வந்ததும் அந்த வாலை நாமே வெட்டிவிடுகிறோம். மணிகண்டனும் மணி, மணிமேகலையும் மணி. முத்துக்குமரனும் முத்து, முத்துலட்சுமியும் முத்து. விஜயகுமாரும் விஜயலட்சுமியும் விஜிதான். ஆகவே இருபாலுக்கும் பொதுவான பெயர் என்பது நேற்றைய ஃபேஷன் இல்லை. நாம் வீட்டில் கூப்பிட்டுக்கொண்டிருந்ததைச் சான்றிதழில் ஏற்றலாமா என்பதுதான் இப்போது புதிதாக வந்திருக்கிற கேள்வி.

அதனால் ஆண்பெயரா பெண்பெயரா என்று ஆரம்பத்திலேயே சண்டை போடாதீர்கள். ஒரு தாளில் முன்பாதிகளை மட்டும் எழுதுங்கள். அன்பு, அருள், அறிவு, எழில், சுடர், மதி, இசை, யாழ், தமிழ், முகில், அமுது என்று உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது. வீட்டுப் பெரியவர்கள் பெயரையும் இதேபோல் உடைத்து எழுதுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது. பாட்டி பெயர் தனலட்சுமி, பிறந்தது பேரன் என்றால் தனசேகர் என்று வைத்துப் பாட்டியைக் குளிர்வித்துவிடலாம். தாத்தா மதியழகன், பிறந்தது பேத்தி என்றால் மதிவதனி, அல்லது வெறும் மதி. 'எங்கப்பா பேரா, உங்கப்பா பேரா' என்று கடை வாசலில் நின்று வாக்குவாதம் செய்த ஒரு ஜோடியை இந்த ஒரே யோசனையில் சமாதானம் செய்து அனுப்பியிருக்கிறேன்.

ஊர்ப் பெயர்களையும் இந்தத் தாளில் சேர்க்கச் சொல்வேன். நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. சிதம்பரத்தை எடுத்துக்கொண்டால் தில்லை என்கிற முன்பாதி கிடைக்கிறது. தில்லைநாயகம், தில்லைநாயகி என்று நீட்டலாம், தில்லை என்றே நிறுத்தினாலும் அழகு. காசி, பழனி, சிதம்பரம் எல்லாம் வாலில்லாத பெயர்கள்தான். விருத்தாசலமும் அப்படித்தான், 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனுக்கு வீட்டில் வைத்த பெயர் அது. ஆனால் கவனித்துப் பாருங்கள், இந்த ஊர்ப் பெயர்களை வாலில்லாமல் ஆணுக்குத்தான் வைத்தார்கள். பெண் என்றால் உடனே ஓர் அம்மாள் ஒட்டிக்கொண்டார். ஆறுகளின் பெயர் மட்டும் கொஞ்சம் தாராளம். காவேரி என்ற பெயரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. எங்கள் கெடிலத்தைத்தான் இன்னும் ஒருவரும் பிள்ளைக்கு வைக்கவில்லை.

வால் வேண்டுமா?

முன்பாதி முடிவானதும் இந்தக் கேள்வி தானாக வரும். இங்கே ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் பேசும்போது பொதுப்பெயர் எதையும் மறைக்காது. 'எழில் வந்தான்', 'எழில் வந்தாள்' என்று சொன்ன உடனே தெரிந்துபோகும். மரியாதையாக 'வந்தார்' என்றால் மட்டும் தெரியாது. கடைக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இதற்குச் சங்கப் புலவர்களை உதாரணம் சொல்வார். எல்லார் பெயருக்குப் பின்னாலும் 'ஆர்' போட்டு மரியாதையாக எழுதிவிட்டதால், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒரே கணக்கு இல்லையாம்.

ஆனால் ஆங்கிலத்தில் வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. மின்னஞ்சலில், வேலை விண்ணப்பத்தில், வெளிநாட்டு அலுவலகத்தில் உங்கள் பிள்ளையின் பெயர் மட்டும்தான் முதலில் போய் நிற்கும். 'எழில்' என்று போனால் அது ஆணா பெண்ணா என்று அந்தப் பக்கம் தெரியாது. அது நல்லதா கெட்டதா என்பது உங்கள் பார்வையைப் பொறுத்தது. பெண் பிள்ளைக்கு இது சில இடங்களில் நன்மை என்று நினைக்கிறேன். கப்பல், மெக்கானிக்கல், சிவில் என்று படித்துவிட்டு விண்ணப்பம் போடும் பெண்கள் என் கடைக்கு வருகிறார்கள். பெயரைப் பார்த்தே ஒதுக்கிவைக்காமல் நேர்காணல்வரை கூப்பிடட்டும், மிச்சத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

பையனுக்கு? இங்கேதான் ஒரு நேர்மையில்லாத்தனம் இருக்கிறது. 'பொதுப்பெயர்' என்று சொல்லிக்கொண்டு பெண்ணுக்கு ஆண்பெயர் மாதிரி ஒன்றை வைக்க எல்லாரும் தயார். புகழ், வெற்றி, முகில், கதிர் என்று பெண்ணுக்கு வைத்தால் 'நல்லா கெத்தா இருக்கே' என்பார்கள். மலர், கயல், நிலா என்று பையனுக்கு வைக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், அத்தை முதல் பால்காரர்வரை ஆலோசனை சொல்ல வருவார்கள். ஒரு பெயரைப் பெண்களுக்கு நிறைய வைக்க ஆரம்பித்ததும் பையன்களைப் பெற்றவர்கள் அதைக் கைவிட்டு விடுகிறார்கள். மாணிக்கம், அமிர்தம், தங்கம் என்று தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சேர்த்து வைத்த பெயர்கள் இருந்தன. இன்றைக்குத் தங்கம் என்றால் பெண்ணைத்தான் நினைக்கிறோம். ஆகவே பையனுக்குப் பொதுப்பெயர் வைப்பதானால், இப்போது இரண்டு பக்கமும் சமமாகப் புழங்கும் பெயரைப் பாருங்கள்: அருள், அன்பு, மணி, தமிழ், எழில். எட்டாம் வகுப்பில் ஒரு வருடம் கேலி இருக்கும். அதற்குப் பெயர் மட்டும் காரணமாக இருப்பதில்லை. சிதம்பரநாதன் என்று வைத்தாலும் எட்டாம் வகுப்பு எதையாவது கண்டுபிடிக்கும்.

வாலோடு வைப்பதில் தவறே இல்லை. கலைச்செல்வி, நாவுக்கரசன், செங்கமலவல்லி எல்லாம் வாயில் போட்டுச் சொல்லிப் பார்த்தாலே இனிக்கிற பெயர்கள். முழுப் பெயரின் ஓசையே அந்த வாலில்தான் வந்து முடிகிறது. 'பொதுவாக இருக்கணும்' என்பதற்காக மட்டும் அதை வெட்டி, 'நாவ்', 'செங்' என்று ஆக்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பாதி தனியாக நிற்கும் சொல்லாக இருந்தால்தான் வாலை விடலாம். மதி நிற்கும். எழில் நிற்கும். 'தன' தனியாக நிற்காது.

'ஆ'வில் முடியும் பெயர்கள்

இன்றைக்குப் பொதுப்பெயர் என்று இணையத்தில் தேடினால் வருவதில் பாதி சூர்யா, ஆர்யா, சத்யா, கிருபா, ஜெயா, ஆதித்யா வகைதான். வடமொழியில் குறில் 'அ'வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், நெடில் 'ஆ'வில் முடிந்தால் பெண்: சூர்ய, ஆதித்ய என்பன ஆண், வித்யா, ரம்யா என்பன பெண். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அங்கிருந்து தமிழுக்கு வரும்போது எல்லாமே 'ஆ' ஆகிவிட்டன. அதனால் சூர்யா என்ற பெயரில் இன்று என் வாடிக்கையாளர்களில் இரண்டு பாலும் உண்டு. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பிறப்புப் பதிவுப் படிவம் நிரப்பும்போது 'ஆண் / பெண்' கட்டத்தை நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள். கிருபா என்ற பையனுக்கு ஆதார் எடுத்த இடத்தில், கேட்காமலே 'பெண்' என்று தட்டிவிட்டார்கள். அம்மா கையில் தொட்டில் குழந்தை, அதன் தலையில் பூ வைத்திருந்தார்களாம். ஆதாரில் பாலினத்தைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற முடியும், பெயரை இரண்டு முறை. பாலினம் மாற்றும் அந்த ஒரே வாய்ப்பைக் குழந்தை நடக்கிறதற்கு முன்பே அவர்கள் செலவழித்துவிட்டார்கள்.

ஊர் மாறினால் பெயரின் பாலும் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுமன் இங்கே ஆண், வடக்கே பெண்ணுக்கும் சாதாரணமாக வைக்கிறார்கள். என் பெயர் அங்கே பெண்பெயர்தான். லாரி ஜோதி டெல்லிப் பக்கம் லோடு எடுத்துப் போனால் ஒவ்வொரு இடத்திலும் விளக்கம் சொல்கிறார். கேரளத்தில் சசி என்றால் ஆண். இவ்வளவு ஏன், முஸ்லிம்கள் நிறைந்த பரங்கிப்பேட்டையில் கனி என்று கூப்பிட்டால் ஓர் ஆண் திரும்பிப் பார்ப்பார். திருப்பாதிரிப்புலியூரில் கூப்பிட்டால் கனிமொழி திரும்பிப் பார்ப்பாள். கிறித்தவக் குடும்பங்களில் ஆரோக்கியம், ஞானம், அருள் என்று இரண்டு பேருக்கும் வைக்கும் பழக்கம் பழையது. அவர்களுக்கு இந்தக் குழப்பமே புதிதில்லை.

தெருவில் கூப்பிட்டுப் பாருங்கள்

பட்டியல் மூன்று நான்கு பெயராகக் குறைந்ததும் அதை வாயால் சோதியுங்கள். வீட்டு வாசலில் நின்று, தெருமுனையில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிடுங்கள். 'யாழ்' என்று கத்திப் பாருங்கள். ஓரசைப் பெயர் காற்றில் கரைந்துவிடும். 'யாழூ' என்று ஏதாவது ஓர் உயிரெழுத்தைச் சேர்க்காமல் யாரும் கூப்பிட முடியாது. அது பரவாயில்லை என்றால் வையுங்கள். அப்புறம் கோபத்தில் கூப்பிட்டுப் பாருங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் மருமகள் அந்தப் பிள்ளையை வாழ்நாள் முழுக்க 'தம்பி' என்றே கூப்பிடுகிற வீடுகள் இன்னும் நம் பக்கத்தில் உண்டு. அப்படி வீட்டுக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெயர் என்றால் பாலர் வகுப்பில் டீச்சர் கூப்பிடும்போது பிள்ளை திரும்பிப் பார்க்காது.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள், கூடவே அந்தப் பெண்ணின் மாமியார். அந்த அம்மாவுக்குப் பேத்திக்கு அஞ்சலை என்று வைக்க ஆசை.

"இந்தக் காலத்துல யாராச்சும் அஞ்சலைன்னு வைப்பாங்களா அத்தை? பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவாங்க" என்றது அந்தப் பெண்.

"ஏன், அஞ்சலைக்கு என்னவாம்? ஜெயிலுக்குப் போனவங்க பேரு அது" என்றார் மாமியார்.

அவர் சொன்னது கடலூர் முதுநகரின் அஞ்சலையம்மாளை. 1927இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்துக்குத் தன் சின்னப் பெண் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போனவர். காந்தி அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று பெயர் மாற்றி வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். சிறைக்காலத்தில் பிறந்த மகனுக்கு ஜெயில் வீரன் என்றே பெயர் வைத்தார் அஞ்சலையம்மாள். நான் அந்தப் பெண்ணிடம் ஒன்றுதான் சொன்னேன்: "அஞ்சலை வைக்க மனசு வரலேன்னா வேணாம்மா. ஆனா கிண்டல் பண்ணுவாங்கன்னு மட்டும் ஒரு பேரை ஒதுக்காதே." கடைசியில் அஞ்சலி என்று எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு அஞ்சலைதான் பிடித்திருந்தது.

அம்மாக்கண்ணு போன்ற பழைய பெயர்களில் இன்னொரு விஷயமும் உண்டு. சின்னக்கண்ணு ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. குப்பு, பிச்சை, மண்ணாங்கட்டி இவையும் அப்படித்தான். அடுத்தடுத்துக் குழந்தை தங்காத வீடுகளில், எமன் கண்ணில் படக் கூடாது என்று மதிப்பில்லாத பொருளின் பெயரை வைத்தார்கள். அந்தப் பயத்தில் ஆண் பெண் பேதம் பார்க்கவில்லை. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் போதும்பொண்ணு, வேண்டாம் என்று பெண் பிள்ளைக்கு வைத்தார்களே, அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அந்தப் பெயரோடு பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுக் கெஜட் விண்ணப்பத்துக்கு வந்து நிற்கும் பெண்ணிடம் நான் தட்டச்சுக் கட்டணம் வாங்குவதில்லை.

காகிதத்தில் அந்தப் பெயர் எப்படி நிற்கும்?

இதுதான் என் துறை, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் ஆங்கில எழுத்துக்கூட்டு. 'ழ' வரும் பெயர் வைத்தால் அதை எப்படி எழுதுவது என்று வீட்டில் எல்லாரும் ஒரே முடிவுக்கு வாருங்கள். எழில் என்பதை ஒருவர் 'இசட் எச்' போட்டும், ஒருவர் 'எல்' போட்டும், ஒருவர் வெறும் 'இசட்' போட்டும் எழுதினால் பிறப்புச் சான்றில் ஒன்று, தடுப்பூசி அட்டையில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆகிவிடும். பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது மூன்று எழிலும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைய வேண்டும். வெளிநாட்டில் 'இசட்'டைப் பார்த்து 'எஸில்' என்று கூப்பிடுவார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். எண் கணிதம் பார்ப்பவர் கூடுதலாக ஓர் 'ஏ'யோ 'எச்'சோ போடச் சொன்னால், பிறப்புச் சான்றிலேயே போட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் பாதியில் போடாதீர்கள்.

புதுச்சேரிக் குடும்பங்கள் இதில் தனி ரகம். புதுச்சேரியை பிரான்ஸ் இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் வழியில், முருகன் என்கிற பெயரில் வரும் ஒவ்வோர் 'உ'வுக்கும் 'ஓ யூ' போட்டு எழுதுவது வழக்கம். அங்கே பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் 1881இலிருந்தே நிலையான குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். கடலூர்ப் பெண்ணைப் புதுச்சேரியில் கொடுத்தால், பிள்ளை பிறந்ததும் இந்த இரண்டு முறைக்கும் நடுவில் இழுபறி வரும். எந்த நாட்டுச் சான்று முதலில் பதிவாகிறதோ அதன் எழுத்துக்கூட்டையே மற்றதிலும் வையுங்கள் என்பேன். பிரெஞ்சிலும் தொமினிக், க்ளோத், கமீல் என்று இருபாலுக்கும் வைக்கும் பெயர்கள் உண்டு. அதனால் அந்தப் பக்கத்து அலுவலகத்தில் பொதுப்பெயரைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

அடுத்தது தலைப்பெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துதான். அம்மாவின் எழுத்தைப் போடுபவர்கள், இரண்டையும் போடுபவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள்; எதுவானாலும் பள்ளிச் சேர்க்கைக்கு முன்பு முடிவாகிவிட வேண்டும். சுருக்கிய பெயரோடு எழுத்து எப்படிச் சேர்கிறது என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்தை விரித்து அப்பா பெயராகப் போடும்போது, எழில் முருகன் என்று ஆகும். வெளிநாடு போனால் எழில் என்ற பெண்ணை எல்லாரும் 'திரு. முருகன்' என்று எழுதுவார்கள். வாலோடு கூடிய எழிலரசி என்றாலும் வெளிநாட்டுக்காரருக்கு அதே கதைதான், அதனால் இந்தக் காரணத்துக்காக வாலைச் சேர்க்கவோ விடவோ வேண்டியதில்லை. ஆனால் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்று அறிவித்தது. அப்பா பெயர் உள்ளே அச்சாகியிருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அந்தச் சில நாட்களில் என் கடை போன் ஓயவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருநங்கைகள், திருநம்பிகள் பெயர் மாற்றத்துக்கு என்னிடம் வருவதுண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அடையாளச் சான்று தருவது மாவட்ட ஆட்சியர். ஆபீஸ் எதிரிலேயே இருக்கிறது. சான்று கிடைத்த பிறகு கெஜட், ஆதார், வங்கி, மதிப்பெண் பட்டியல் என்று ஒவ்வோர் இடத்திலும் பழைய பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் புதிய பெயரை வாங்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் அந்த வேலை பாதியாகக் குறைந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரே மணி. "இதை மாத்த வேணாம்க்கா, எங்கம்மா கூப்பிட்ட பேரு, எனக்கும் பொருந்துது" என்றார். எந்தப் பிள்ளை எப்படி வளரும் என்று தொட்டிலில் யாருக்கும் தெரியாது. பொதுப்பெயருக்கு ஆதரவாக நான் பார்த்ததிலேயே பலமான காரணம் இதுதான்.

பஞ்சாங்கம்

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்கள் பாருங்கள். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம், நான்கு எழுத்து. அசுவினிக்குச் சு, சே, சோ, ல என்று வரும். சில பாதங்களுக்கு ங, ட என்றெல்லாம் வரும். அந்த எழுத்தில் தமிழ்ப் பெயர் தொடங்காது. அதற்காக 'ட'வில் ஏதோ ஒன்றை உருவாக்கி, அர்த்தம் தெரியாத ஒரு பெயரை வைக்காதீர்கள். அதே நட்சத்திரத்தின் மற்ற மூன்று எழுத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயரே ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளாவிட்டால் காதில் சொல்லும் பெயர் ஒன்று, சான்றிதழில் ஏறும் பெயர் ஒன்று என்று வைத்துக்கொள்வது பழைய வழக்கம்தான். எழுத்து முடிவானால் பொதுப்பெயர் தேடுவதும் சுலபமாகிவிடும். 'அ' வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அன்பு, அருள், அறிவு, அமுது என்று வரிசையாக நிற்கிறது.

பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். அதற்குள் பெயர் முடிவாகவில்லை என்று பதறி, நர்ஸ் கேட்ட நிமிடத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். பெயர் இல்லாமலே பதியலாம். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு 15 வருடம்வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். பெயர் சேர்ப்பது சுலபம். ஏறிய பெயரை மாற்றுவதுதான் கஷ்டம். ஆகவே சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஆனால் வருடக்கணக்கில் விடாதீர்கள்: 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட்வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம்.

பதிவு நீங்கள் வசிக்கும் ஊரில் இல்லை, பிள்ளை பிறந்த ஊரில். நம் பக்கத்தில் இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கடலூர்க்காரராக இருந்தாலும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் பிறந்தால் உழவர்கரை நகராட்சிக்குப் போக வேண்டும், கடலூர் மாநகராட்சியில் தேடினால் கிடைக்காது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய் பண்ருட்டியில் பெற்றால் பண்ருட்டி.

பெயர் சேர்க்கப் போகும்போது தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டு போங்கள், வாயால் சொல்லாதீர்கள். அப்பா, அம்மா பெயர் அவரவர் ஆதாரில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டில் இருக்கட்டும். தட்டச்சு செய்பவர் சேமிப்பதற்கு முன்னால் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, பிள்ளையின் பெயர், ஆண் பெண் கட்டம், தேதி மூன்றையும் ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள். ஜோதி, மணி, அருள் போன்ற பெயர் என்றால் அந்த நடுக்கட்டத்தை இரண்டு முறை.